கேள்வி நாற்காலியில் காக்கை: ஒரு வகுப்பறை நாடகப் பயிற்சி பற்றிய மதிப்புரை

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரை அடுத்த கடற்கரை ஊர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் நான் தமிழ் கற்பிக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதி முடிந்து விசைப்படகுகள் மீண்டும் கடலுக்குப் போகத் தொடங்கிய நாட்களில், கதைமாந்தரின் எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் நடிப்பின் வழியே உணர்த்தும் பயிற்சியை அளிப்பதாகக் கூறிய ஒரு குழுவை இரண்டு நாட்களுக்கு வரவழைத்தோம். கட்டணம் 7,000 ரூபாய். ஆசிரியர்கள் பாதியும் ஊரார் பாதியுமாகத் திரட்டிக் கொடுத்த பணம் என்பதால், அதற்குரிய பயன் கிடைத்ததா என்று எழுத வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

முதலில் ஒரு விளக்கம். இது ஆண்டு விழா நாடகப் பயிற்சி அன்று. மேடை இல்லை, ஒப்பனை இல்லை, பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை. கதையை ஓர் இடத்தில் நிறுத்தி, அந்த இடத்தில் நிற்கும் மனிதருக்குள் என்ன ஓடுகிறது என்று கண்டறிவதே நோக்கம். ஆசிரியரும் ஒரு பாத்திரமாகி வகுப்புக்குள் நுழையும் முறையைப் பரவலாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டோரத்தி ஹீத்கோட் (1926–2011). பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ஆலை வேலைக்குப் போனவர், பின்னாளில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கே கற்பித்தார் என்பதை என் மாணவர்களிடம் சொன்னபோது, அவர்கள் பயிற்சியைவிட அந்தச் செய்தியைத்தான் அதிகம் வியந்தார்கள்.

முதல் நாள் அவர்கள் எடுத்துக்கொண்டது பாட்டி வடை சுட்ட கதை. ஆறாம் வகுப்புக்கு இது சிறுபிள்ளைக் கதை அல்லவா என்று நான் முகம் சுளித்தேன். அது என் தவறு. பயிற்சியாளர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, வடை காணாமல் போன வழக்கை விசாரிக்க வந்த ஊர்த்தலைவராக உள்ளே வந்தார். பிள்ளைகள் சாட்சிகளானார்கள். பிறகு வகுப்பின் நடுவில் ஒரு நாற்காலி போடப்பட்டது. அதில் அமர்பவர் கதைமாந்தராகவே பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எதையும் கேட்கலாம். இதற்குக் கேள்வி நாற்காலி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பாட்டியாக அமர்ந்த மாணவியின் தாய் காலையில் இட்லி விற்பவர். "காக்கா தூக்கிட்டுப் போனப்ப என்ன நெனைச்சீங்க பாட்டி?" என்று கேட்டதற்கு அவள், "அதுக்கும் பசிக்கும்ல. ஆனா உளுந்து கடனுக்கு வாங்குனது" என்றாள். காக்கையாக அமர்ந்தவன் வகுப்பில் வாய் திறக்காத பையன். நரி பொய் சொல்வது தெரியாதா என்று நான்கு பேர் மடக்கினார்கள். சற்று நேரம் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தெரியும். ஆனா அதுக்கு முன்னாடி என்னைய யாருமே பாடச் சொன்னதில்ல" என்றான். இருபது ஆண்டுகளாக இந்தக் கதைக்கு 'முகத்துதிக்கு மயங்காதே' என்ற ஒரே விடையை எழுதவைத்து மதிப்பெண் போட்டவன் நான். அந்த ஒரு பதிலுக்காகவே பாதிக் கட்டணத்தைக் கொடுத்திருப்பேன்.

அடுத்து வந்த மனச்சாட்சித் தெரு சுமார்தான். இரண்டு வரிசையாக நிற்கும் பிள்ளைகளுக்கு நடுவே நரி நடந்து போக, ஒரு பக்கம் 'ஏமாற்றாதே' என்றும் மறுபக்கம் 'உனக்கும் பசிதானே' என்றும் காதில் ஓத வேண்டும். கூச்சலில் எதுவும் கேட்கவில்லை.

குழுவினர் கொண்டுவந்த மெய்ப்பாட்டு அட்டைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவது. உணர்ச்சியைச் சொல்லுங்கள் என்றால் நம் பிள்ளைகள் சந்தோஷம், சோகம், கோபம் என்ற மூன்றோடு நின்றுவிடுவார்கள். தொல்காப்பியம் சொல்லும் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டையும் அட்டைகளாக்கிக் கையில் கொடுத்தது நல்ல யோசனை. ஆனால் இளிவரல் அட்டையில், கெட்டுப்போன மீனைப் பார்த்தது போல மூக்கைச் சுளிக்கும் முகத்தை வரைந்திருந்தார்கள். தொல்காப்பியர் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கின் வழி இளிவரல் பிறக்கும் என்கிறார். ஒருவர் தம் நிலை தாழ்ந்துபோனதை உணரும் இடம் அது. வடை விழுந்த பிறகு வெறும் வாயோடு கிளையில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. படம் அதைக் கெடுத்துவிட்டது. அடுத்த பதிப்பில் திருத்த வேண்டும்.

இன்னொரு குறை, பிள்ளைகள் எதைச் சொன்னாலும் கைதட்டியது. காக்கையின் அம்மா இறந்துவிட்டதாக ஒருவன் சொன்னபோது, கதையில் எந்த இடத்தை வைத்து அப்படி நினைத்தாய் என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கதையில் பிடிமானம் இல்லாத கற்பனை, பாத்திரத்தைப் புரிந்துகொள்ள உதவாது.

இரண்டாம் நாள்தான் சறுக்கினார்கள். உள்ளூர்க் கதை வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு தந்தையின் கதையை எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் வீட்டில் அடுப்பு அமைதியாகிவிடும் ஊர் எங்களுடையது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதைத் தாத்தாமார் வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். மகளாக நாற்காலியில் அமரச் சொல்லி அழைக்கப்பட்ட சிறுமி எழவில்லை. "தைரியமா வாம்மா" என்று மூன்று முறை அழைத்தார்கள். அவள் வீட்டில் நடந்ததை ஊரே அறியும். வந்தவர்கள் அறிய வழியில்லை. ஆனால் முதல் நாள் மாலை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் இடையில் புகுந்து அவளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினேன். பாத்திரம் என்பது குழந்தைக்கு ஒரு மறைப்பு. காக்கையின் பின்னால் நின்றதால்தான் அந்தப் பையனால் தன் மனதைச் சொல்ல முடிந்தது. அவளுக்கோ அன்று ஒதுங்கி நிற்க ஒரு மறைப்பும் தரப்படவில்லை. பயிற்சியாளர் பின்னர் என்னிடம் தனியாக வருத்தம் தெரிவித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுவாரம் காக்கையின் நாட்குறிப்பை எழுதச் சொன்னேன். ஒரு வரியோடு நிற்பவர்கள் அரைப் பக்கம் எழுதினார்கள். இருவர் இளிவரல் என்ற சொல்லைச் சரியான இடத்தில் வைத்திருந்தார்கள். இப்படி எழுதவைப்பது குழுவின் திட்டத்தில் இல்லை, சேர்த்துக்கொண்டால் நல்லது.

அடுத்த பருவத்திற்கும் இதே குழுவை அழைத்திருக்கிறோம். இம்முறை கதையை நாங்களே தேர்ந்தெடுத்து முன்கூட்டி அனுப்புவோம், நாற்காலியில் அமர யாரையும் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கட்டணம் அதேதான்.