கார்மெனேரா, மெர்லோவா?

இரண்டும் சிவப்பு ஒயினுக்கான திராட்சை வகைகள்; பிரான்சின் போர்டோ மண்ணில் பிறந்தவை. கபெர்னே ஃபிராங்க் என்ற திராட்சை வகை இரண்டுக்கும் பொதுப் பெற்றோர். பிலாக்சரா பூச்சி 19-ஆம் நூற்றாண்டில் போர்டோ கொடிகளை அழித்தபின் மெர்லோ மீண்டும் நடப்பட்டது, கார்மெனேர் கைவிடப்பட்டது. அதற்கு முன்பே சிலிக்குப் போயிருந்த கார்மெனேர் கொடிகள், அங்கே மெர்லோ என்ற பெயரிலேயே வளர்ந்தன. 1994-இல்தான் அவை கார்மெனேர் என்று பிரெஞ்சு திராட்சை வல்லுநர் பூர்சிகோ அடையாளம் கண்டார்.

இளந்தளிரைத் திருப்பிப் பாருங்கள்: மெர்லோவின் அடிப்புறம் வெளுப்பு, கார்மெனேருக்குச் செம்மை. இலையுதிர் காலத்தில் கார்மெனேர் கொடியே சிவந்துவிடும். பெயரும் அந்தச் செந்நிறத்தால் வந்ததுதான்.

மெர்லோ சீக்கிரம் பழுக்கும். ஒயின் மென்மை, பிளம் வாசம். கார்மெனேருக்கு இன்னும் சில வாரமாவது வேண்டும். அவசரப்பட்டுப் பறித்தால் பச்சைக் குடைமிளகாய் வாடை தூக்கலாக அடிக்கும். பொறுத்துப் பறித்தாலோ கரும்பழமும் மிளகுக் காரமும் சேர்ந்த ஆழமான சுவை. என் மனம் கார்மெனேர் பக்கம்தான்.