ஸ்பிரிங் ஏர்கன்னா, பி.சி.பி.யா? தென்கடல் ஓரத்துத் தோப்பிலிருந்து

ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் அக்கா மகனும் குறி அட்டை வைத்துச் சுடுகிறோம். தோப்பின் வடகோடியில் மதில். மதிலை ஒட்டி ஆள் உயர மணல்மேடு, அதற்கு முன்னால் அட்டை மாட்டும் மரச்சட்டம். 10 மீட்டரில் ஒரு கோடு, 25 மீட்டரில் இன்னொரு கோடு. ஆறு மணிக்கெல்லாம் போய்விட்டால் காற்று அடங்கி, ஓலை அசையாமல் இருக்கும். கடல் இரைச்சல் மெதுவாகக் கேட்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் போகிறோம்.

எங்களிடம் இரண்டு துப்பாக்கிகள். ஒன்று குழலை மடக்கி இழுத்துச் சுடும் ஸ்பிரிங் ஏர்கன், இன்னொன்று சிலிண்டரில் காற்றை அடைத்துச் சுடும் பி.சி.பி. இரண்டுக்கும் 4.5 மில்லிமீட்டர் குழல்தான். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் 0.177 அங்குலத்தையும் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் அளவையும் தாண்டாத ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டியதில்லை. என்.சி.சி.யில் சுட்டவர்களுக்கு .22 ரைஃபிள் மேல் ஆசை இருக்கும். அதற்கு உரிமம் வேண்டும், முறையான சுடுதளம் வேண்டும். அதனால் அதை இங்கே எடுக்கவில்லை.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கரையில் புதிதாகத் தொடங்குபவர் ஸ்பிரிங்கையே வாங்க வேண்டும். சில ஆயிரத்தில் கிடைக்கிறது, பி.சி.பி.க்கு அதைப் போலப் பல மடங்கு ஆகும் என்பது உண்மைதான். ஆனால் நான் சொல்வது விலைக்காக இல்லை.

ஸ்பிரிங் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் சுருள்வில் விரிந்து பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டன் காற்றை நெருக்க, அந்தக் காற்று பெல்லட் என்கிற ஈயக் குண்டைத் தள்ளுகிறது. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி ஒரு முறை பின்னால் உதைத்து, உடனே முன்னால் குதித்துவிடும். இறுக்கிப் பிடித்தால் அந்தக் குலுக்கல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் போகும், அட்டையில் ஓட்டைகள் சிதறும். முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் சும்மா தாங்கி, தோளில் லேசாகச் சாய்த்து, அது தன் போக்கில் குதிக்க விட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கை, அதே இடத்தில் கன்னம். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெதுவாக அழுத்தி, சத்தம் கேட்ட பிறகும் ஒரு நொடி அப்படியே குறியைப் பார்த்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தலையைத் தூக்கினால் அட்டை காட்டிக்கொடுத்துவிடும். இது எனக்குப் பிடிபட ஆறு மாதம் ஆயிற்று. இன்றைக்கு 10 மீட்டரில் ஐந்து குண்டையும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடக்குகிறேன்.

பி.சி.பி.யில் இந்தக் குதிப்பு ஏறக்குறைய இல்லை. வால்வு திறக்கிறது, பெல்லட் போய்விடுகிறது, குறி இருந்த இடத்திலேயே இருக்கிறது. முதல் நாளே ஐந்து குண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து ஒரே கிழிசலாகத் தெரிந்தது. போட்டியில் எல்லோரும் ஏன் இதைப் பிடிக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் முழு மதிப்பெண்ணான பத்து என்பது வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவின் தங்கமும், 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங்கின் வெண்கலமும் அந்தப் புள்ளியைச் சுட்டு வாங்கியவை. அதற்கு ஸ்பிரிங்கின் குதிப்பு ஒத்துவராது.

ஆனால் காற்றை நிரப்ப வேண்டுமே. 200 பார் அழுத்தம் வரை கைப்பம்பில் ஏற்றுவதற்குள் சட்டை நனைந்துவிடும். நெஞ்சு படபடக்கும்போது குறி நிற்காது, கால் மணி நேரம் உட்கார வேண்டும். அமைதியான காலை என்று வந்தால் பாதி காலை பம்போடு போகிறது. அதைவிடப் பெரிய கவலை ஈரம். நம் கடலோரக் காற்றை அவ்வளவு நெருக்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகிறது. வடிகட்டி சரியில்லை என்றால் அது சிலிண்டருக்குள் போய்த் துருவாகும், வெளியே தெரியவும் தெரியாது. ஒரு ஞாயிறு காலை அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தால் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. காற்றை அடைக்கும் ரப்பர் வளையம், ஓ-ரிங் ஒன்று கசிந்திருக்கிறது. மாற்று ரிங் கைவசம் இல்லாததால் அன்றைக்கு இருவரும் ஸ்பிரிங்கைத்தான் மாற்றி மாற்றிச் சுட்டோம்.

ஸ்பிரிங்குக்கும் உப்புக்காற்று எதிரிதான். ஒரு ஐப்பசி மழையில் மூன்று வாரம் உறையிலேயே விட்டதில் குழல் மேல் செம்புள்ளி பூத்துவிட்டது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற துரு, எண்ணெய்த் துணியால் துடைத்தால் போகிற துரு. ஒன்று மட்டும்: பிஸ்டன் அறைக்குள் எண்ணெய் விடக் கூடாது. அது வெடித்து எரிந்து, காற்று கசியாமல் அடைக்கும் பிஸ்டன் சீலையும் சுருள்வில்லையும் கெடுத்துவிடும்.

காற்றைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான், அரை கிராம் பெல்லட்டுக்கு எந்தத் துப்பாக்கி என்று தெரியாது. வைகாசியிலிருந்து கச்சான் என்கிற மேல்காற்று கிளம்பினால் எங்களுக்கு இடது தோளில் வந்து படும். 10 மீட்டரில் பெரிதாகத் தெரியாது, 25-இல் குண்டு வலப்பக்கம் ஒதுங்கும். அந்த மாதங்களில் 10 மீட்டர் கோட்டோடு நிறுத்திக்கொள்கிறோம். தட்டை முனை பெல்லட் அட்டையில் வட்டமாக வெட்டும், எண்ணுவது சுலபம். தூரத்துக்கு உருண்டை முனை. ஏர் பிஸ்டலையும் கேட்பார்கள்: அதன் பத்து 11.5 மில்லிமீட்டர் அகலம், இருந்தும் ஒற்றைக் கையில் அதைத் தொடுவது கடினம். தொடக்கத்துக்கு வேண்டாம்.

எதை வாங்கினாலும் கண்ணாடி போட வேண்டும், சுட்ட கையைக் கழுவாமல் டீயைத் தொடக் கூடாது. ஊற்று தோண்டிக் குடிக்கிற ஊர் இது. ஈயத்தை மண்ணில் விடாமல் அட்டைக்குப் பின்னால் பெட்டி வைத்துப் பிடிக்க வேண்டும். மயில் தோப்புக்குள் வந்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவோம். ஏர்கன்னைப் பார்த்ததும் கொக்கையும் குருவியையும் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களுக்குப் பறவைகள் வந்து தங்குகிற மாவட்டத்தில் அப்படிக் கேட்பதே எனக்குப் பொறுக்காது.

மருமகன் போட்டிக்குப் போக ஆசைப்படுகிறான், பி.சி.பி. அவனுக்குத்தான். ஆனால் போன மாதத்திலிருந்து காலையில் வந்ததும், "மாமா, முதல்ல அதைக் குடுங்க" என்று ஸ்பிரிங்கை வாங்கிப் பத்து குண்டு சுட்டுவிட்டுத்தான் தன் துப்பாக்கியை எடுக்கிறான். அப்படிச் சுட்ட நாட்களில் அவன் அட்டையில் கிழிசல் சின்னதாக இருக்கிறது.