லெந்து முழுக்க ஒரே சர்ச்சுக்குப் போனேன், ஆராதனை எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன்

2026 லெந்துக்கு, அதாவது ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற நாப்பது நாள் தவக்காலத்துக்கு, சாம்பல் புதன் பிப்ரவரி 18ல ஆரம்பிச்சு பெரிய வியாழன் ராத்திரி வரைக்கும் ஒரே ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை வழி வந்த) பேரிஷ் சர்ச்சுக்குத்தான் போனேன். ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல, வாரநாள் மாலை ஜெபத்துக்கும் முடிஞ்சப்பல்லாம் போனேன், அதனால ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு எழுதுற ரிவ்யூ இல்ல இது. சர்ச் பேரை சொல்லல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன். ஆனா நான் சொல்றதுல நிறைய விஷயம் நீங்க எந்த ஆங்கிலிக்கன் சர்ச்சுக்குப் போனாலும் பாக்கலாம்.

ஏன் போனேன்னா எனக்கு ஜெபமே வரல, அதான் உண்மை. முழங்கால் போட்டா அதே நாலு வார்த்தை, அதே கவலை, பேசுறது நான் கேக்குறதும் நான்னு ஆகிப்போச்சு. புத்தகத்தைப் பாத்து ஜெபம் பண்றது உயிரில்லாத விஷயம்னு ரொம்ப வருஷம் நெனச்சிட்டு இருந்த ஆளு நான், அந்த நெனப்பு இந்த நாப்பது நாள்ல மாறிடுச்சு.

சாம்பல் புதன் சாயங்காலம் கூட்டம் கம்மிதான். போன வருஷத்து குருத்தோலை சிலுவைகளை எரிச்சு எடுத்த சாம்பலை குருவானவர் நெத்தியில சிலுவையா போட்டுட்டு, நீ மண்ணு, மண்ணுக்கே திரும்புவங்கிறதை ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்றார். எனக்கு முன்னாடி ஒரு கைக்குழந்தை, அதுக்கும் அதே வார்த்தை, அதே நிதானம். அதைக் கேட்டதும் எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. இந்த சாம்பல் போடுற வழக்கத்தை இங்கிலாந்துல 1548லயே நிறுத்திட்டாங்க, அப்புறம் நூத்தாண்டுகள் கழிச்சுத்தான் திரும்ப வந்துச்சு, அதனால ஆங்கிலிக்கன்காரங்களோட ஆராதனை முறைகள் இருக்கிற 1662 ஜெபப்புத்தகத்துல சாம்பல் கிடையாது, அதுக்கு பதிலா கமினேஷன்னு ஒரு ஆராதனை இருக்கு, கடவுளோட கோபத்தையும் நியாயத்தீர்ப்பையும் அறிவிச்சுட்டு எல்லாரும் முழங்கால் போட்டு 51ஆம் சங்கீதம் சொல்றது. இங்க சாம்பலும் போட்டாங்க, 51ஆம் சங்கீதமும் முழுசா சொன்னாங்க, ஒரு வரி கூட விடல, அதுக்காகவே முழு மார்க்.

இப்ப முக்கியமான விஷயம். சாம்பல் புதனுக்குன்னு ஒரு சின்ன ஜெபம் இருக்கு, கலெக்ட்னு சொல்றது, பேராயர் கிரான்மர் காலத்து 1549 ஜெபப்புத்தகத்துலேருந்து வர்றது. தான் படைச்ச எதையும் வெறுக்காத கடவுளே, எங்களுக்குள்ள புதுசா, நொறுங்கின இருதயத்தை உண்டாக்கும்ங்கிறதுதான் அதோட சாரம். 1662 புத்தகத்துல அதுக்குக் கீழ ஒரு குறிப்பு இருக்கு, லெந்துல தினமும், அந்தந்த நாளோட கலெக்டுக்கு அப்புறம் இதையும் சொல்லணும்னு. அந்தக் குறிப்பை இந்த சர்ச்ல அப்படியே பின்பத்துறாங்க. முதல் வாரம் சும்மா சொன்னேன், ரெண்டாவது வாரம் போர் அடிச்சுது, மறைக்காம சொல்றேன். மூணாவது வாரம் ஒருநாள் வேலையில ஒருத்தர் மேல பயங்கர கோபத்தோட வந்து உக்காந்தேன், அந்த முதல் வரி வந்துச்சு, படைச்ச எதையும் வெறுக்காதவர்னு, நான் வெறுத்துக்கிட்டு இருந்த அந்த ஆளும் அதுக்குள்ள வர்றாரே, அதுக்கு மேல வாய் திறக்க முடியல, பக்கத்துல இருந்தவங்க சொல்றதைக் கேட்டுட்டே இருந்தேன். அந்த ஜெபத்தை நானா யோசிச்சு எழுதியிருந்தா அன்னைக்கு அந்த வரியை விட்டிருப்பேன்.

வாரநாள் மாலை ஜெபம் அரைமணி நேரம்கூட ஆகாது, பாட்டு கிடையாது, ஆர்கன் கிடையாது. பல நாள் நாலு பேர், ஒருநாள் குருவானவரும் நானும் மட்டும். சங்கீதத்தை மாத்தி மாத்தி சொல்லணும், ஒரு வசனம் இந்தப் பக்கம் ஒரு வசனம் அந்தப் பக்கம். பழைய புத்தக முறையில 150 சங்கீதத்தையும் காலை மாலைன்னு பிரிச்சு முப்பது நாள்ல முடிச்சிடுவாங்க, அதனால உங்க மனசுக்குப் பிடிச்ச சங்கீதமா வராது, அன்னைய தேதிக்கு என்ன வருதோ அதுதான். சந்தோஷமா போன நாள்ல புலம்பல் வரும், உடைஞ்சு போயி போன நாள்ல துதி வரும். அது ஆரம்பத்துல இடிச்சுது, அப்புறம் இன்னைக்கு இந்தப் புலம்பல் என்னோடது இல்ல, எங்கயோ யாருக்கோ இது இன்னைக்குத் தேவைப்படுது, அவங்களுக்காக நான் சொல்றேன்னு தோணுச்சு, அதுக்கப்புறம் வேற மாதிரி ஆயிடுச்சு.

ஞாயிறு காலை எட்டு மணி திருவிருந்து 1662 முறைப்படி. பத்துக் கட்டளையையும் வாசிக்கிறாங்க, ஒவ்வொண்ணுக்கும் நாம இரங்கும்னு கெஞ்சிட்டு இந்தக் கட்டளையைக் கைக்கொள்ள எங்க இருதயத்தைத் திருப்பும்னு பதில் சொல்லணும். நிறைய சர்ச்ல சுருக்கிடுவாங்க, இங்க முழுசா இருக்கு, எட்டாவது கட்டளை வர்றப்ப ஆபீஸ் விஷயம் ஒண்ணு ஞாபகம் வந்து நெளிஞ்சேன். லெந்துங்கிறதால உன்னதத்தில் மகிமை பாட்டை விட்டுட்டாங்க, 1662 புத்தகத்துல அப்படி விடச்சொல்லி குறிப்பு எதுவும் இல்ல, ஆனா எனக்கு அது சரியாத்தான் பட்டுச்சு. புதுசா போறவங்களுக்கு ஒரு கஷ்டம், எந்தப் பக்கம்னு யாரும் சொல்றதில்ல, நான் முதல் வாரம் பாதி நேரம் பக்கம் புரட்டிட்டே இருந்தேன்.

பத்து மணி ஆராதனைதான் எனக்கு ஏமாத்தம். கூட்டம் இருக்கு, கொயர் நல்லா பாடுறாங்க, ஊதா துணி, பூ இல்லாத ஆல்டர் (பலிபீடம்), அல்லேலூயா இல்ல, எல்லாம் முறையா இருக்கு. ஆனா பாவ அறிக்கைக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அமைதியா இருப்போம்னு சொல்லிட்டு நான் கண்ணை மூடுறதுக்குள்ள அடுத்த வரி ஆரம்பிச்சிடுது. ஒவ்வொரு வாரமும் இதேதான். அல்லேலூயாவையும் பூவையும் எடுத்து வச்சது எதுக்கு, அந்த இடத்துல மௌனம் வரட்டும்னுதானே? அந்த இடத்தை அறிவிப்பு எடுத்துக்குது, கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னாடி அத்தனை நீளம். குருவானவர்கிட்ட நேராவே சொன்னேன், பொறுமையா கேட்டார், அடுத்த வாரம் மௌனம் கொஞ்சம் நீண்டுச்சு, அதுக்கடுத்த வாரம் பழையபடி. இன்னொண்ணு, ஒருநாள் மாலை ஜெப நேரத்தை மாத்திட்டு கதவுல ஒரு தாள் கூட ஒட்டல, பூட்டின கதவுக்கு முன்னாடி நானும் வயசான ஒரு அம்மாவும் நின்னோம், நின்ன இடத்துலயே அந்த கலெக்டை ரெண்டு பேரும் சொல்லிட்டுத்தான் கிளம்பினோம், அவங்களுக்கு அது மனப்பாடம்.

ஆனா பத்து மணி ஆராதனையிலயும் ஒருநாள் அருமையா இருந்துச்சு, லெந்து முதல் ஞாயிறு. லித்தானியா, அதாவது ஒவ்வொரு வேண்டுதலுக்கும் எல்லாரும் பதில் சொல்ற நீளமான ஜெபம், அதைப் பாடிக்கிட்டே சர்ச்சை சுத்தி மெதுவா ஊர்வலம் போனாங்க. இங்கிலீஷ்ல முதல்ல வந்த அதிகாரபூர்வ ஆராதனையே இதுதான், 1544ல, எட்டாம் ஹென்றி காலத்துல. திடீர் சாவுலேருந்து, போருலேருந்து, மனக்கடினத்துலேருந்து எங்களை மீட்டுக்கொள்ளும்னு ஒண்ணொண்ணா போகும், பிரயாணம் போறவங்க, பிரசவத்துல இருக்கிற பெண்கள், சிறையில இருக்கிறவங்க எல்லாரும் வருவாங்க. என் பட்டியல்ல என்னைக்கும் சிறைக்கைதி இருந்ததே இல்ல.

லெந்து நாலாவது ஞாயிறு அம்மாக்களுக்கான நாள், அன்னைக்கு அவங்களுக்குப் பூ கொடுத்தாங்க, அம்மா இல்லாதவங்களையும் குழந்தை இல்லாதவங்களையும் பேசி ஜெபிச்சாங்க, நல்லா செஞ்சாங்க. வெள்ளிக்கிழமை, இயேசு சிலுவை சுமந்து போனதை பதினாலு இடத்துல நின்னு ஜெபிக்கிற சிலுவைப்பாதை இருந்துச்சு, ரெண்டு தடவைதான் போனேன், அதைப் பத்தி பெருசா சொல்ல எனக்கு இல்ல.

பெரிய வியாழன் ராத்திரி திருவிருந்து முடிஞ்சதும் 22ஆம் சங்கீதத்தை ஒருத்தர் வாசிக்க வாசிக்க ஆல்டர்ல இருக்கிற துணி, மெழுகுவர்த்தி, சிலுவை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறாங்க, விளக்கு ஒவ்வொண்ணா அணையுது, கடைசியில வெறும் மரம் நிக்குது. ஆசீர்வாதம் கிடையாது, போயிட்டு வாங்கன்னு சொல்றது கிடையாது, அவங்கவங்க எழுந்து பேசாம போயிடணும். அறிவிப்பும் இல்ல. ஆறு வாரமா நான் ஏங்கின மௌனம் அன்னைக்குத்தான் முழுசா கிடைச்சுது, யாரும் அதை சீக்கிரம் முடிக்கல, நான் எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆச்சு.

2027ல சாம்பல் புதன் பிப்ரவரி 10ல வருது. ஞாயிறு தவிர ஒருநாள்தான் முடியும்னா மாலை ஜெபத்துக்குப் போங்க, பின் வரிசையில உக்காராதீங்க, அங்க மாத்தி மாத்தி சொல்ல ஆள் இருக்காது. பக்கம் தெரியலன்னா பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கேளுங்க, எடுத்துத் தருவாங்க.