பெயிண்ட் அடிச்ச படகு வச்சிருக்கவங்க ஒரு நிமிஷம் நின்னு படிங்க, என் மூணு மாசச் சேமிப்பு போச்சு

பெயிண்டர் அண்ணன் இப்பதான் படகைப் பாத்துட்டுப் போனாரு. அவர் போன கையோட இதை எழுதுறேன், கோவத்துல எழுதுறதால முன்ன பின்ன இருக்கும், பொறுத்துக்கங்க. படகு கழுவுறதுக்கும் பெயிண்ட் மங்காம காப்பாத்துறதுக்கும் என்ன வாங்கணும்னு தெளிவா ஒரு பதிவு போடணும்னுதான் ரெண்டு வாரமா நெனச்சுட்டு இருந்தேன், இப்ப அது எச்சரிக்கையா மாறிப் போச்சு.

படகு சாமான் மட்டுமே விக்கிற ஒரு ஆன்லைன் கடை. பேர் சொல்லல. கழுவுற சோப்பும் மேல பூசுற ப்ரொடெக்ஷனும் வேணும்னு சாட்ல கேட்டேன், பத்து நிமிஷத்துல போனே வந்துடுச்சு. படகு எத்தனை அடி, உப்புத் தண்ணியா நல்ல தண்ணியா, வருஷத்துல எத்தனை மாசம் தண்ணியிலயே கெடக்கும், கவர் போடுவீங்களா, எல்லாம் ஒண்ணொண்ணா கேட்டாரு. யாரு இவ்ளோ அக்கறையா கேப்பாங்க? என்ன பெயிண்ட்னு மட்டும் அவர் கேக்கல, நானாதான் சொன்னேன். "ஃபைபர் படகுதான், ஆனா ஜெல்கோட் பழசாகி ரெண்டு வருஷம் முன்னாடி மேல டூ பார்ட் பாலியூரித்தேன் பெயிண்ட் அடிச்சிருக்கேன், கருநீலம்"னு தெளிவா சொன்னேன். (ஜெல்கோட்னா ஃபைபர் படகு செய்யும்போதே மேல வர்ற பளபளப்பான ரெசின் பூச்சு, டூ பார்ட்னா ரெண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பெயிண்ட்.) அதுக்கு அவர் சொன்னது இன்னும் காதுலயே இருக்கு. "ஜெல்கோட்டோ பெயிண்ட்டோ ரெண்டுக்கும் இதுதான் சார், எங்கப்பா படகுக்கே நான் இதைத்தான் போடுறேன்."

எங்கப்பா படகுன்னு ஒரு வார்த்தை. அங்கதான் விழுந்தேன். அதுக்கப்புறம் நான் ஒரு கேள்வி கேக்கல, மூணு மாசச் சேமிப்பை அப்படியே தூக்கிக் குடுத்தேன். மூணு பாட்டில் ஒரு கிட், கூட மெஷின்ல மாட்டுற ஃபோம் பேட். முதல் பாட்டில் கறை எடுக்கிறது, ரெண்டாவது ஷைன் குடுக்கிறது, மூணாவது மேல பூசுறது, ஒரு வருஷம் தொடவே வேண்டாம், காஞ்சா 9ஹெச் கடினம், வைரத்துக்கு அடுத்ததுன்னு சொன்னாங்க. (9ஹெச்ங்கிறது பென்சில் கீறல் டெஸ்ட்ல வர்ற அளவு, வைரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.)

அவங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். சாயந்தரம் படகு கண்ணாடி மாதிரி மின்னுச்சு, போட்டோ எடுத்து அந்த ஆளுக்கே அனுப்பி நன்றி வேற சொன்னேன், நினைச்சாலே வயிறு எரியுது.

மறுநாள் வெளிச்சத்துல பாத்தா அலுமினியம் கொக்கி, ஜன்னல் ஃப்ரேம் எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி கருத்துக் கெடக்கு. சரி தேய்ச்சா போயிடும்னு விட்டேன். தண்ணியில விட்டு ரெண்டு வாரம் ஆச்சு, ரெண்டு பக்கமும் திட்டுத் திட்டா வெளுத்து, வெயில்ல பாத்தா வட்ட வட்டமா பேட் ஓடின தடம் தெரியுது, கை வச்சா அழுக்கு ஒட்டுது.

பெயிண்டர் அண்ணன் சொன்னதை அப்படியே சொல்றேன், ஏன்னா இதுதான் விஷயமே. ஜெல்கோட் தடிமனா இருக்கும், அரை மில்லிமீட்டர் கிட்ட வரும், மங்கிப் போனா கொஞ்சம் தேய்ச்சு எடுத்தா உள்ள புதுசு வரும். பெயிண்ட் அப்படி இல்ல, மேல் கோட்டு காஞ்சா மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குகூட இருக்காது. அதுவும் டூ பார்ட் பெயிண்ட்டுக்கு பளபளப்பு பூரா மேல் தோல்லதான் இருக்கு. அந்த ரெண்டாவது பாட்டில் ஷைன் மருந்தே இல்ல, ரப்பிங் காம்பவுண்ட், பொடிப் பொடியா உராய்ஞ்சு எடுக்கிறது. நான் மெஷின் வச்சு அந்தத் தோலை என் கையாலயே உரிச்சிருக்கேன். உரிச்ச கீறலை மூணாவது பாட்டில்ல இருந்த சிலிக்கான் எண்ணெய் ரொப்பி மறைச்சிருக்கு, அதான் அன்னிக்கு மின்னுச்சு. உப்புத் தண்ணியும் வெயிலும் பட்டு அது கழண்டதும் நிஜம் வெளிய வந்துடுச்சு.

அதோட முடியல. ஒரு மூலையில துடைச்சு கொஞ்சம் பெயிண்ட் அடிச்சுப் பாத்தாரு, பெயிண்ட் ஒட்டாம மீன் கண்ணு மாதிரி குழி குழியா விலகுது. சிலிக்கான் இருக்கிற எடத்துல பெயிண்ட் நிக்காதாம். மொத்தப் பக்கத்தையும் சிலிக்கான் எடுக்கிற சால்வென்ட் போட்டு துணி மாத்தி மாத்தித் துடைச்சு, அப்புறம்தான் சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்க்கணுமாம், துடைக்காம தேய்ச்சா அந்த எண்ணெய் இன்னும் உள்ள ஏறுமாம். கிட்டுக்குப் போன மூணு மாசச் சேமிப்பு தனி, இந்தச் செலவு தனி.

கடைக்காரங்க என்ன பண்ணாங்கன்னு கேளுங்க. முதல்ல "வெயில்ல கழுவியிருப்பீங்க சார்"னாங்க. இல்ல, நிழல்லதான், வீடியோவே இருக்குன்னேன். அடுத்து "உங்க பெயிண்ட் தரம் சரியில்ல"ன்னாங்க. ரெண்டு வருஷமா ஒரு பொட்டு மங்காத பெயிண்ட் உங்க பாட்டில் பட்ட அன்னிக்கா தரம் கெட்டுப் போச்சு? அப்புறம் புகார் நம்பர் ஒண்ணு குடுத்தாங்க, 48 மணி நேரத்துல கூப்பிடுவோம்னு. கூப்பிடல. நானே கூப்பிட்டா முதல்ல இருந்து கதை கேக்குறாங்க, வேற நம்பர் குடுக்குறாங்க. கடைசியா "சீல் உடைச்ச பாட்டில் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்". சீல் உடைக்காம எப்படிங்க கழுவுறது? எங்கப்பா படகுன்னு சொன்ன ஆள் இப்ப அந்த செக்ஷன்ல இல்லையாம்.

நேத்து ராத்திரி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தேன். கடையோட பேர் போட்ட பெரிய ஸ்டிக்கர் ஓரத்துல லேசா தூக்கிட்டு இருந்துச்சு, உரிச்சேன். அடியில தயாரிச்ச கம்பெனியோட ஒரிஜினல் லேபிள். பொடி எழுத்துல, ஜெல்கோட்டுக்கு மட்டும், பெயிண்ட் அடிச்ச பரப்புல உபயோகிக்கக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. அதை மறைச்சு ஒட்டியிருக்காங்க. தெரியாம வித்தாங்கன்னு இனிமே யாரும் என்கிட்ட சொல்லாதீங்க.

காலையில அந்தக் கம்பெனிக்கே எழுதி பாதுகாப்புத் தகவல் தாள் கேட்டேன், மதியமே அனுப்பிட்டாங்க. கடைகிட்ட இதைக் கேட்டப்ப அப்படி எதுவும் கிடையாதுன்னாங்க. முதல் பாட்டிலோட பிஹெச், அதாவது அமிலமா காரமான்னு காட்டுற எண், 13. நடுநிலைன்னா 7, ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு ஏறும், அப்ப 13ங்கிறது பத்து லட்சம் மடங்கு காரம். அலுமினியம் கருக்காம என்ன செய்யும்?

நல்லபடியா ஒரு லிஸ்ட் போடலாம்னு இருந்தேன், இப்ப அதுக்குத் தெம்பு இல்ல. தோணுறதைச் சொல்றேன். வாங்குறதுக்கு முன்னாடி அந்தத் தகவல் தாளைக் கேளுங்க, 16 பகுதி இருக்கும், 3வதுல என்ன கலந்திருக்குன்னும் 9வதுல பிஹெச் எவ்ளோன்னும் போட்டிருக்கும், தர மாட்டேன்னா வாங்காதீங்க. தினப்படி கழுவ பிஹெச் 7 கிட்ட இருக்கிற சோப்பு போதும், முதல்ல நல்ல தண்ணி விட்டு உப்பை இறக்கிட்டுத்தான் துணி வைக்கணும், இல்லன்னா உப்புக் கல்லே கீறிடும். வெள்ளையா வருமே மெலமைன் ஸ்பாஞ்சு, அதுவும் உராய்ஞ்சு எடுக்கிறதுதான், பெயிண்ட் பக்கம் கொண்டு போகாதீங்க. மேல பூசுறதுக்கு உங்க பெயிண்ட் கம்பெனி எதைச் சொல்லுதோ அது மட்டும், சிலிக்கான் இருக்கான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. அடியில ஆன்டிஃபௌலிங் (பாசி, சிப்பி ஒட்டாம இருக்க அடிக்கிற மருந்து பெயிண்ட்) அடிச்ச எடத்துல எதையும் பூசாதீங்க, மருந்து தண்ணியில கசிஞ்சாதான் அது வேலை செய்யும், பூசினா அடைச்சுக்கும். ப்ளீச்சையும் ஆசிட் க்ளீனரையும் ஒண்ணா ஊத்திடாதீங்க, க்ளோரின் வாயு வரும், மூச்சுக்கே ஆபத்து. எதுவா இருந்தாலும் கண்ணுல படாத மூலையில கையகலம் போட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்க. நான் அதைச் செய்யல.

போன்ல சொல்றதை நம்பாதீங்க, சாட்ல எழுதி வாங்குங்க. ஜெல்கோட்டோ பெயிண்ட்டோ ரெண்டுக்கும் இதுதான்னு அந்த ஆள் சொன்னதுக்கு என்கிட்ட எந்த அத்தாட்சியும் இல்ல, ஸ்டிக்கர் உரிச்ச பாட்டில் மட்டும்தான் இருக்கு. அந்த பாட்டிலைப் போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பி ஆறு மணி நேரம் ஆச்சு. பாத்துட்டாங்க, பதில் இல்ல. மூணு மாசச் சேமிப்பு.