பைத்தானின் ஷஃபிள்: கலைப்பதில் குறையில்லை, கொடுக்கும் விதத்தில்தான் உண்டு

லிஸ்ட்டைக் கலைத்துப் போட பைத்தானில் தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ரேண்டம் மாட்யூலில் இருக்கும் ஷஃபிளே போதும். உள்ளே ஓடுவது ஃபிஷர்-யேட்ஸ் முறை. 1938-இல் காகிதத்தில் செய்ய வந்தது. 1964-இல் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கணினிக்கேற்ப மாற்றினார். இடங்களை 0-இலிருந்து எண்ண வேண்டும். ஐந்து உறுப்புகள் என்றால் முதலில் கடைசி இடம், அதாவது 4. 0 முதல் 4 வரை ஓர் எண்ணை எடுத்து, அந்த இடத்தோடு மாற்று. அடுத்து இடம் 3. இப்போது 0 முதல் 3 வரை மட்டும். நான்கு சுற்றில் முடிந்தது.

இந்த "வரை மட்டும்" என்பதில்தான் சொந்தமாக எழுதுபவர்கள் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் முழு லிஸ்ட்டிலிருந்தும் எண் எடுத்தால், மூன்று உறுப்புகளுக்கு 27 வழிகள், ஆனால் வரிசைகள் 6. 27 ஆறால் வகுபடாது. மூன்று வரிசைகள் ஐந்து முறையும், மற்ற மூன்று நான்கு முறையும் வரும். லைப்ரரியில் இந்தக் கோளாறு கிடையாது.

எரிச்சலூட்டுவது வேறு. ஷஃபிள் இருக்கும் லிஸ்ட்டையே மாற்றிவிட்டு 'நன்' (None, அதாவது வெறுமை) என்று திருப்பித் தருகிறது. "சீட்டு = ரேண்டம்.ஷஃபிள்(சீட்டு)" என்று எழுதினால் சீட்டுக்கட்டே போச்சு. பழைய வரிசையும் வேண்டுமென்றாலோ, டூப்பிள் (மாற்ற முடியாத லிஸ்ட் போன்றது), ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்றாலோ அதே மாட்யூலின் சேம்பிளுக்குப் போங்கள். எண்ணிக்கையாக முழு நீளத்தையும் கொடுத்தால் கலைந்த புது லிஸ்ட் கிடைக்கும். ஷஃபிளிடம் டூப்பிளைக் கொடுத்தால் டைப் எரர்தான். அந்த எரராவது பரவாயில்லை.

எண் கணக்குகளுக்கான நம்பை லைப்ரரியின் இரு பரிமாண அரேயை (எண் அட்டவணையை) இதே ஷஃபிளிடம் கொடுத்தால் எரரே வராது, டேட்டா மட்டும் கெடும். 1 2, 3 4, 5 6 என மூன்று வரிசைகள் உள்ளே போய் 1 2, 1 2, 3 4 என்று வெளியே வரலாம். 5 6 எங்கே? நம்பையில் ஒரு வரிசையை எடுத்தால் வருவது நகல் அல்ல, அதே மெமரியைக் காட்டும் வியூ. இடம் மாற்றும்போது முதல் வரிசை எழுதப்பட்டதுமே பழைய மதிப்பு அழிந்துவிடுகிறது. இரண்டாவதற்கு எடுக்க எதுவுமில்லை. நம்பை ஜெனரேட்டரிலேயே ஒரு ஷஃபிள் இருக்கிறது, அதுதான் சரி. டேட்டாவும் லேபிளும் தனித்தனி அரேக்களில் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகக் கலைக்காதீர்கள், ஜோடி பிரியும். இண்டெக்ஸைக் கலைத்து, அதையே இரண்டுக்கும் கொடுங்கள்.

பழைய கோடில் ஷஃபிளுக்கு இரண்டாவது ஆர்க்யூமென்ட் இருந்தால் எடுத்துவிடுங்கள். 3.11-இல் அது நீக்கப்பட்டுவிட்டது.

ஷஃபிளுக்கு ரேண்டம் எண்களைத் தருவது மெர்சென் ட்விஸ்டர் என்ற அல்காரிதம். 2080 உறுப்புகளைத் தாண்டினால் எல்லா வரிசைகளும் அதன் சுழற்சிக்குள் அடங்காது என்று ஆவணமே சொல்கிறது. அன்றாட வேலைக்கு இது பொருட்டல்ல. பணம் வைத்து ஆடும் ஆட்டம் என்றால் கதை வேறு: 32 பிட் எண்கள் தொடர்ச்சியாக 624 சிக்கினால் அடுத்து வருவதைக் கணித்துவிடலாம். அங்கே ஆபரேட்டிங் சிஸ்டத்திடமிருந்து எண்களை வாங்கும் சிஸ்டம்ரேண்டமின் ஷஃபிளைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதற்கு சீட் (seed, தொடக்க எண்) கொடுத்தாலும் கண்டுகொள்ளாது. டெஸ்ட்டில் அதே வரிசை மறுபடி வேண்டுமென்றால் சீட் கொடுத்த தனி ரேண்டம் ஆப்ஜெக்ட்தான் வழி.