எடைக் குறைப்பில் பாதி வழியில் சலிப்பு: இறுக்குவதா, நிறுத்தி வைப்பதா, இலக்கை மாற்றுவதா?

82 கிலோவில் தொடங்கினேன். இலக்கு 62. ஏழு மாதத்தில் 73 வந்தது. அதன் பிறகு ஒன்பது வாரமாக எடை மெஷின் 73-ஐ விட்டு நகரவில்லை. எடை நின்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மனசு நின்றுபோனதைத்தான் தாங்க முடியவில்லை. விடியற்காலையில் ஸ்ரீரங்கத்தின் நாலு உத்திர வீதியும் சுற்றிவிட்டு வருவது ஆறு மாதமாக எனக்குப் பிடித்த வேலையாக இருந்தது. அந்த ஷூவைப் பார்த்தாலே சலிப்பு வந்தது. எண்ணெயை ஸ்பூனில் அளந்து ஊற்றுவது, சோற்றைக் கப்பில் எடுப்பது எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

அப்போது ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். "இப்ப விட்டா பட்ட பாடெல்லாம் வீணாப்போயிடும் அண்ணி, ராத்திரி சாப்பாட்டையும் நிறுத்திடுங்க" என்றாள் நாத்தனார். கூட நடக்க வரும் பக்கத்து வீட்டு அக்கா, "ரெண்டு வாரம் டயட்ட ஓரமா வச்சிட்டு நிம்மதியா இருடி" என்றார். டாக்டரோ, "62ன்னு யார் சொன்னாங்கம்மா?" என்று கேட்டார். அலுவலகத்தில் ஒருத்தி எடை குறைக்கும் ஊசியைப் பற்றிச் சொன்னாள். இதில் மூன்றை நானே செய்து பார்த்தேன். மற்றவற்றைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். இதே இடத்தில் நின்று தவிக்கிறவர்களுக்காக அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு

எந்த வழியைத் தேர்ந்தாலும் இது தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2016-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நாளொன்றுக்கு உடம்பு செலவழிக்கும் கலோரி 20, 30 அளவில் குறைகிறது. பசியோ ஏறக்குறைய 100 கலோரி கூடுகிறது. அதை என் உடம்புக்குப் போட்டுப் பார்த்தேன். 9 கிலோ குறைத்த எனக்கு, தொடங்கிய நாளில் இருந்ததைவிட 900 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடத் தோன்றியிருக்கிறது. தினமும். மெல்போர்னில் 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 50 பேரைப் பத்து வாரம் கடும் டயட்டில் வைத்தார்கள். அது முடிந்து ஓராண்டு ஆன பிறகும் அவர்களுடைய பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இதைப் படித்த அன்று நான் அழுதேன். அத்தனை வாரம் என்னையே சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஏழாம் மாதத்துப் பசியைச் சுமந்துகொண்டு முதல் மாதத்து உற்சாகத்தோடு நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எடை நின்றதற்கு அளவு தளர்ந்ததும் ஒரு காரணம். ஒரு கப் சோறு குவித்த கப்பாகியிருந்தது, ஒரு ஸ்பூன் எண்ணெய் கைக்கணக்காகியிருந்தது. பசி கூடும்போது கை தானாகத் தாராளமாகிறது. அது என் கண்ணுக்கே தெரியவில்லை.

இறுக்கிப் பிடிப்பது

நாத்தனார் சொன்னதைத்தான் முதலில் செய்தேன். இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். மதியம் சோற்றைப் பாதியாக்கி, காலையில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன். பதினோரு நாளில் 73.0-இலிருந்து 71.6. மெஷின் இறங்கியதைப் பார்த்த சந்தோஷம் பெரிசுதான், மறுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அடுப்படியில் நின்றபடியே அரை டப்பா முறுக்கைச் சாப்பிட்டு முடித்தேன். அடுத்த மூன்று வாரத்தில் 73.7.

இந்த வழிக்கு உள்ள ஒரே பலம் வேகம். உடனே பலன் தெரிகிறது, அதனால் மனசு கொஞ்சம் நிமிர்கிறது. ஆனால் மனசு தளர்ந்ததே பசியால் என்றால், பசியைக் கூட்டி அதை எப்படி நிமிர்த்த முடியும்? 1944, 45-இல் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் உடல் பருமன் உள்ளவர்கள் இல்லை, நல்ல ஆரோக்கியத்தோடும் மன உறுதியோடும் இருந்த இளைஞர்கள். அவர்களே எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களை வாங்கி வாங்கிப் படித்தார்கள். எதிலும் நாட்டமில்லாமல் போனார்கள். பட்டினி கிடக்கும் மூளைக்கு உணவைத் தவிர வேறு எதிலும் ஆர்வம் மிஞ்சுவதில்லை.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த ஓர் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை, ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழித்த சக்தி, அவர்கள் எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். எங்கள் வீட்டு அளவில் யாரும் அந்தப் போட்டிக்காரர்களைப்போல இறுக்குவதில்லை என்பது உண்மை. ஆனாலும் திசை அதுதான்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்த வழிப்பக்கமே தனியாகப் போகக் கூடாது. சாப்பாட்டைத் திடீரென்று வெட்டினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

தேதி போட்டு நிறுத்தி வைப்பது

பக்கத்து வீட்டு அக்கா சொன்னது எனக்கு முதலில் பயமாக இருந்தது. இரண்டு வாரம் விட்டால் மறுபடி தொடங்கவே மாட்டேன் என்று நினைத்தேன். அவர் வேறொன்றைச் சொன்னார். "ஏகாதசிக்குப் பட்டினி கெடக்கிறவங்க துவாதசிக்குப் பாரணை பண்றதில்லையா? அதுனால விரதம் கெட்டுப்போச்சுன்னு யாராவது சொல்றாங்களா?" ஸ்ரீரங்கத்தில் இத்தனை வருடமாக இருந்தும் எனக்கு இது தோன்றியதில்லை. விரதம் எப்போது முடியும் என்று முன்னாடியே தெரிகிறது, பாரணைக்கு என்ன சாப்பிடுவது என்பதும் தெரிகிறது. அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் முதல் நாளே வாங்கி வைத்திருப்பார்கள். சாப்பிடுவதும் விரதத்தின் ஒரு பகுதி.

ஆராய்ச்சியிலும் இதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், உடல் பருமன் உள்ள 51 ஆண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு 16 வாரம் தொடர்ந்து டயட். இன்னொரு பிரிவு இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் எடையை அப்படியே வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சாப்பாடு என்று மாற்றி மாற்றி. டயட் வாரங்கள் இருவருக்கும் அதே 16 தான். தொடர்ந்து இருந்தவர்கள் சராசரியாக 9.1 கிலோ குறைத்தார்கள், விட்டு விட்டு இருந்தவர்கள் 14.1 கிலோ. இவர்களுக்கு மொத்தம் 30 வாரம் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த அளவு வித்தியாசம் எல்லா ஆய்விலும் வரவில்லை. எடைப் பயிற்சி செய்கிறவர்களிடம் பின்னர் நடந்த ஓர் ஆய்வில் குறைந்த கொழுப்பு இரு பிரிவுக்கும் ஒரே அளவுதான். இடைவேளை எடுத்தவர்களுக்குப் பசி மட்டும் குறைவாக இருந்தது. எனக்கு அதுவே போதும், என் பிரச்சினை பசிதானே.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு ஆய்வு. ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி என்ற இருவர் 2003-இல் வெளியிட்டது. இடையில் விட்டால் எப்படிச் சரிகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே, டயட்டில் இருந்தவர்களை வேண்டுமென்றே நிறுத்தச் சொன்னார்கள். ஒரு பிரிவுக்கு ஆறு வாரம் ஒரே நிறுத்தம், இன்னொன்றுக்கு இரண்டிரண்டு வாரமாக மூன்று. எதிர்பார்த்த சரிவு வரவில்லை. கடைசியில் நிறுத்தாதவர்களுக்கும் நிறுத்தியவர்களுக்கும் எடைக் குறைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. திட்டமிட்டு நிறுத்தியவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

நான் செய்தது இது. காலண்டரில் பதினான்கு நாளைக் கட்டம் போட்டேன். மதியம் ஒரு கரண்டி சோறு கூடுதல், காலையில் மூன்று இட்லி, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், ஞாயிற்றுக்கிழமை எல்லோரோடும் உட்கார்ந்து மீன் குழம்பு. எண்ணெய் அளப்பதை மட்டும் விடவில்லை. நடையையும் விடவில்லை, நேரத்தை மட்டும் பாதியாக்கினேன். வியாழக்கிழமை எடை பார்ப்பதும் தொடர்ந்தது.

முதல் ஐந்து நாளில் 0.8 கிலோ ஏறியது. பதறியிருப்பேன், ஆனால் காரணம் முன்னாலேயே தெரிந்திருந்தது. சோறு கூடும்போது உடம்பு அதன் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். அந்த 0.8-இல் பெரும்பங்கு தண்ணீர்தான். 74.5-இல் இடைவேளை முடிந்தது. அடுத்த நான்கு வாரத்தில் 72.4.

இறுக்கியபோது ஐந்து வார முடிவில் 0.7 கிலோ ஏறியிருந்தது. நிறுத்தி வைத்தபோது ஆறு வார முடிவில் 1.3 கிலோ இறங்கியிருந்தது. இது ஒரே ஒரு உடம்பின் கணக்கு, எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். எடையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு: பதினைந்தாம் நாள் காலையில் ஷூவைப் போட்டுக்கொள்ள அலுப்பாக இல்லை.

இந்த வழியின் ஆபத்து தேதியில் இருக்கிறது. "கொஞ்ச நாள் விட்டுப் பிடிக்கலாம்" என்று விடுவதும் "14 நாள், திங்கட்கிழமை காலை மறுபடி" என்று எழுதி வைப்பதும் வேறு வேறு. தீபாவளி, கல்யாண வரிசை இரண்டுக்கும் நடுவில் இடைவேளையைப் போட்டால் முடிவுத் தேதி தள்ளிக்கொண்டே போகும். அதைச் சாதாரண வாரங்களில் வையுங்கள்.

இலக்கையே மாற்றுவது

டாக்டர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. 62 என் கல்யாண நாள் எடை. என் உயரம் 157 செ.மீ. இந்தியர்களுக்கான வரையறையில் பி.எம்.ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 25-ஐத் தொட்டால் உடல் பருமன். 62 கிட்டத்தட்ட அந்த எல்லைக்கோடு. ஆகவே அது முட்டாள்தனமான எண் இல்லை. ஆனால் 82-இல் நின்றுகொண்டு 20 கிலோ தள்ளி ஒரே ஓர் எண்ணை நட்டு வைத்தால், நடுவில் எங்கே நின்றாலும் தோல்வியாகவே தெரியும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1997-இல் 60 பெண்களிடம் தொடக்கத்திலேயே கேட்டார்கள்: எவ்வளவு குறைந்தால் திருப்தி, எவ்வளவு என்றால் ஏமாற்றம்? 17 கிலோ குறைவது ஏமாற்றம் என்று அவர்கள் கணக்கு வந்தது. 48 வாரம் கழித்து சராசரியாக 16 கிலோ குறைத்திருந்தார்கள். எந்த மருத்துவரும் பாராட்டும் அளவு அது. ஆனால் கிட்டத்தட்ட பாதிப் பேர், தாங்களே போட்ட ஏமாற்றக் கோட்டைக்கூடத் தொடவில்லை.

உடம்புக்கு வேண்டியது எவ்வளவு? 2002-இல் முடிவு வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் இலக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பதுதான். உணவும் நடையும் கடைப்பிடித்த பிரிவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய ஆய்வு, 531 பேர், மூன்று வருடம். அதில் எடை குறிப்பிடும்படி குறையாமலேயே, உணவும் நடையும் மட்டும் நோய் வருவதை 28.5 சதவீதம் தடுத்தன. மெஷின் நகராத நாளிலும் உத்திர வீதி நடை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம்.

82-இல் 7 சதவீதம் 5.7 கிலோ. அதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன், கொண்டாடாமலே. இடுப்புச் சுற்றளவும் 101 செ.மீ.யிலிருந்து 92 ஆகியிருந்தது. நம் பெண்களுக்கு 80-க்குள் இருப்பது நல்லது, அது தூரம்தான். டாக்டரோடு பேசி அடுத்த இலக்கை 70 கிலோ, 88 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன்.

இடைவேளையா, இலக்கு மாற்றமா என்றால் இடைவேளைக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். சலிப்பின் உச்சத்தில் இலக்கை மாற்றினால் அது விட்டுக்கொடுப்பதாக முடிந்துவிடும். ஓய்ந்து, பசி அடங்கி, தெளிவான மனசோடு இருக்கும்போது மாற்றுங்கள்.

துணை, பந்தயம், ஊசி

துணையோடு செய்வது மற்ற வழிகளுக்குப் போட்டி இல்லை, எதோடும் சேரும். அதே விங்கும் ஜெஃப்ரியும் 1999-இல் பார்த்தது: தனியாகச் சேர்ந்து வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் 76 சதவீதம் பேர் முடித்தார்கள். அந்த எடையை அடுத்த மாதங்களிலும் தக்கவைத்தவர்கள் 24 சதவீதம். நண்பர்களோடு சேர்ந்து, ஒருவருக்கொருவர் துணைநிற்கவும் கற்றுக்கொண்டவர்களில் 95 சதவீதம் பேர் முடித்தார்கள், 66 சதவீதம் பேர் தக்கவைத்தார்கள். பணம் கட்டிப் பந்தயம் வைப்பதும் வேலை செய்கிறது, ஆனால் கொஞ்ச காலத்துக்கு. 2008-இல் 57 பேரிடம் நடந்த ஆய்வில் பணம் கட்டியவர்கள் 16 வாரத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைத்தார்கள், பண ஊக்கம் எதுவும் இல்லாதவர்கள் இரண்டு கிலோகூட இல்லை. ஏழு மாதத்தில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா கேட்டில் நின்று கூப்பிடும் குரல் ஏழு மாதத்தில் கரையாது.

ஊசி நான் போட்டதில்லை. செமாக்ளூடைட் என்ற ஊசி மருந்து பற்றி 2021-இல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. மேலே சொன்ன பசிக் கணக்கையே அது மாற்றுகிறது. அதனால் அதைக் குறுக்கு வழி என்று பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. சர்க்கரை, மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று அவதிப்படுகிறவர்கள் வெட்கப்படாமல் டாக்டரிடம் கேட்கலாம். ஆனால் நிறுத்திய ஒரு வருடத்துக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது. ஆகவே கடைசி ஆறு கிலோவுக்கு மட்டும், ஒரு கல்யாணத்துக்காக என்று போட்டுக்கொள்வது சரியாகப் படவில்லை. செலவும் மாதாமாதம்.

எனக்கு இப்போது 70.9. மூன்றாவது இடைவேளையில் இருக்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் திங்கட்கிழமைத் தேதி ஒட்டியிருக்கிறது. அக்காவுக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன், அன்றைக்குக் காலை ஐந்தே முக்காலுக்கு வந்து கூப்பிடுவார்.