கோபுரமா, பலூனா, செயற்கைக்கோளா: எட்டாத இடங்களுக்கு மொபைல் இணையம்

மொபைல் இணையம் எட்டாத இடத்துக்கு அதை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டுப் பாருங்கள். செயற்கைக்கோள் விற்பவர் வானத்தைக் காட்டுவார். கோபுரம் கட்டுபவர் மானியம் கேட்பார். போன் விற்பவர் மலிவு போன் வந்தால் போதும் என்பார். யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் எல்லோருடைய கணக்கிலும் ஒரு வரி விடுபட்டிருக்கும். கட்டி முடித்துத் திறப்பு விழாவும் நடந்த பிறகு, ஐந்தாம் வருடத்தில் பேட்டரி செத்துப்போனால் புதிது வாங்கப் பணம் யார் தருவார் என்கிற வரி அது. ஒவ்வொரு வழியையும் அந்த வரியை வைத்தே இங்கே எடைபோடப் போகிறேன். வேகமும் புதுமையும் அப்புறம்.

எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலக மொபைல் நிறுவனங்களின் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி, மொபைல் பிராட்பேண்ட் சிக்னலே இல்லாத இடங்களில் வாழ்பவர்கள் சுமார் 35 கோடி, அதாவது உலக மக்கள்தொகையில் 4 சதவீதம். சிக்னல் இருந்தும் மொபைல் இணையத்தைப் பயன்படுத்தாதவர்கள் சுமார் 310 கோடி. கோபுரமும் பலூனும் செயற்கைக்கோளும் போட்டி போடுவதெல்லாம் அந்த 35 கோடிக்காகத்தான். மற்ற 310 கோடிக்குக் கடைசியில் வருகிறேன். அங்கே போட்டியாளர்களே வேறு.

மண்ணில் நிற்கும் கோபுரம்

பழைய வழிதான். ஆனாலும் மற்ற எல்லாவற்றையும் இதனோடுதான் ஒப்பிட வேண்டியிருக்கிறது. கையில் இருக்கிற சாதாரண போனே போதும்; வீட்டுக்குள்ளும் சிக்னல் வரும்; பயன்பாடு கூடினால் அதே கோபுரத்தில் இன்னும் கொஞ்சம் கருவிகளை ஏற்றிக்கொள்ளலாம். வானத்திலிருந்து வரும் எந்த வழியும் இந்த மூன்றையும் ஒருசேரத் தருவதில்லை.

அனலாக் டி.வி. ஒளிபரப்பு நின்ற நாடுகளில் காலியான 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை இதற்குப் பெரிய உதவி. உயர்ந்த அலைவரிசையான 2100 மெகாஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் இந்த அலை அதிக தூரம் போகும், மரத்தையும் சுவரையும் எளிதாகத் தாண்டும். அதனால் குறைந்த கோபுரங்களிலேயே அதிகப் பரப்பை மூடலாம். தாழ்ந்த அலைவரிசையில் கிடைக்கும் அலைக்கற்றையின் அளவு குறைவு என்பதால் மொத்தக் கொள்ளளவும் குறையும். நெரிசலான நகரத்துக்கு அது போதாது. சில நூறு பேர் மட்டுமே இருக்கும் இடத்துக்கு அது ஒரு குறையே இல்லை.

செலவைக் கூட்டுவது இரும்பு இல்லை. மின் இணைப்பு வராத இடத்தில் டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும். டீசலை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், வழியில் திருடு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு ஃபியூஸ் போனாலும் தொலைவிலிருந்து டெக்னீஷியன் வர வேண்டும். சோலார் பேனலும் லித்தியம் பேட்டரியும் டீசல் பிரச்சினையைத் தீர்க்கின்றன. ஆனால் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு, அதுவே திருடுபோகிற பொருளும்கூட. இதற்கு மேல் பேக்ஹால், அதாவது கோபுரத்தை மைய நெட்வொர்க்கோடு இணைக்கிற இணைப்பு. கண்ணாடி இழை கேபிள் அருகில் இல்லையென்றால் மைக்ரோவேவ் என்கிற ரேடியோ அலை இணைப்பு. அதற்கு ஒரு கோபுரத்தின் டிஷ்ஷுக்கு எதிரில் அடுத்த கோபுரத்தின் டிஷ் நேராகத் தெரிய வேண்டும். மலை குறுக்கே வந்தால் இடையில் இன்னொரு கோபுரம், அதற்கும் மின்சாரம், அதற்கும் காவல்.

இந்தக் கணக்கைக் குறைக்கத்தான் குட்டிக் கோபுரங்கள் வந்தன. ஹுவாவே நிறுவனம் 2017-இல் கானாவில் அறிமுகப்படுத்திய ரூரல்ஸ்டார், பெரிய இரும்புக் கோபுரத்துக்குப் பதிலாகச் சாதாரணக் கம்பத்தில் பொருத்துகிற அமைப்பு. சோலாரே அதன் மின்தேவைக்குப் போதும். ஆப்பிரிக்கா மொபைல் நெட்வொர்க்ஸ் என்கிற நிறுவனம் வேறு விதம்: தன் செலவில் கிராமத்தில் நிலையம் கட்டி, அதை ஓட்டி, மொபைல் ஆபரேட்டரோடு வருமானத்தைப் பகிர்ந்துகொள்கிறது. எனக்கு இந்த இரண்டாவது ஏற்பாடு பிடித்திருக்கிறது. கட்டியவருக்கே மாதாமாதம் ஓட்டுகிற பொறுப்பும் இருப்பதால், அது நின்றுபோனால் முதலில் நஷ்டப்படுபவரும் அவர்தான்.

ஒரே நெட்வொர்க்கா, பகிர்ந்த நெட்வொர்க்கா

மூன்று ஆபரேட்டர்கள் ஒரே குன்றின் மேல் மூன்று கோபுரம் கட்டுவது வீண் என்பதில் சண்டை இல்லை. சண்டை, எப்படிப் பகிர்வது என்பதில்.

மெக்சிகோ எல்லோருக்கும் பொதுவாக ஒரே மொத்த விற்பனை நெட்வொர்க், அதாவது மற்ற ஆபரேட்டர்களுக்கு மட்டும் சேவையை விற்கிற நெட்வொர்க், என்ற வழிக்குப் போனது. 700 மெகாஹெர்ட்ஸில் 90 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை முழுவதையும் ஆல்டான் என்ற நிறுவனத்தின் கையில் கொடுத்து, மக்கள்தொகையில் 92.2 சதவீதத்தை எட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். 2018-இல் சேவை தொடங்கியது. 2021-இல் நிறுவனம் கடனில் மூழ்கித் திவால் நடவடிக்கைக்குப் போனது. 2022-இல் அரசே பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. ருவாண்டாவிலும் 4ஜி மொத்த விற்பனை முழுக்க, கொரியாவின் கே.டி. நிறுவனமும் அரசும் சேர்ந்து தொடங்கிய ஒரே நிறுவனத்திடம் இருந்தது. கவரேஜ் கிட்டத்தட்ட நாடு முழுக்கப் பரவியது. ஆனாலும் அந்தத் தனியுரிமை நிலைக்கவில்லை. 2023-இல் எம்.டி.என். என்ற மொபைல் ஆபரேட்டர் சொந்தமாக 4ஜி தொடங்கிவிட்டது.

பெருவில் 2019-இல் தொடங்கிய 'இன்டர்நெட் பாரா டோடோஸ்' எதிர்த்திசையில் போனது. தொலைத்தொடர்பு நிறுவனமான டெலிஃபோனிகா, ஃபேஸ்புக், இரண்டு வளர்ச்சி வங்கிகள் சேர்ந்து கிராமப்புறத்துக்கு மட்டும் ஒரு நெட்வொர்க்கை நடத்தத் தொடங்கின. எந்த ஆபரேட்டரும் அதில் தன் வாடிக்கையாளருக்குச் சேவை தரலாம். நகரத்தில் போட்டி அப்படியே இருக்கும், லாபம் வராத இடத்தில் மட்டும் பகிர்வு. என் ஓட்டு இதற்குத்தான். நாடு முழுவதற்கும் ஒரே நெட்வொர்க் என்றால், அது தடுக்கி விழும்போது நாடே அதோடு சேர்ந்து விழும். அதை யாராவது தூக்கி நிறுத்த வேண்டும். கடைசியில் அந்த யாரோ வரி கட்டுபவர்தான்.

பலூனும் ட்ரோனும்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். கூகுளின் லூன் திட்டம் 2013-இல் நியூசிலாந்தில் சோதனையோடு வெளியே தெரிந்தது. சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் பலூன்கள், காற்றின் திசைக்கேற்ப ஏறி இறங்கி, கீழே இருக்கிற சாதாரண 4ஜி போன்களுக்குச் சிக்னல் தந்தன. தொழில்நுட்பம் உண்மையிலேயே வேலை செய்தது. 2017-இல் பெருவின் வெள்ளத்திலும் போர்ட்டோ ரிக்கோ புயலுக்குப் பிறகும் உதவியது. 2020 ஜூலையில் டெல்காம் கென்யாவோடு வணிகச் சேவையும் தொடங்கியது. அடுத்த ஆறே மாதத்தில், 2021 ஜனவரியில், மூடப்போவதாக அறிவித்தார்கள். நீண்ட காலம் தாக்குப்பிடிக்கிற அளவுக்குச் செலவைக் குறைக்க வழி கிடைக்கவில்லை என்பதுதான் நிறுவனமே சொன்ன காரணம். பலூன் சில மாதங்களில் கீழே இறங்கிவிடும். அதன் இடத்துக்கு இன்னொன்று ஏற வேண்டும். என் ஐந்தாம் வருடக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. ஃபேஸ்புக்கின் சோலார் ட்ரோன் அக்விலா 2016-இல் முதல்முறை பறந்தது. 2018-இல் கைவிடப்பட்டது, வாடிக்கையாளர் ஒருவரைக்கூடச் சந்திக்காமல்.

லூனில் ஒரு மிச்சம் மட்டும் தேறியது. பலூன்களுக்கு இடையே தகவல் அனுப்ப உருவாக்கிய ஒளிக்கற்றை நுட்பம், தாரா என்ற பெயரில் தரைக்கு வந்து, காங்கோ ஆற்றின் இரு கரையில் இருக்கிற பிராஸவில்லையும் கின்ஷாசாவையும் இணைத்தது. இடையில் 5 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஆழமும் வேகமும் மிகுந்த அந்த ஆற்றுக்கடியில் கேபிள் போட முடியாமல், தரைவழியே நெடுந்தூரம் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

தாழ்வட்டச் செயற்கைக்கோள்கள்

இப்போது எல்லோர் பேச்சிலும் இருப்பது இது. பழைய செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நின்றன. கேள்வி போய்ப் பதில் வரவே அரை வினாடிக்கு மேல் ஆனது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டரில் பறப்பதால் தாமதம் தரைவழி இணைப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 2023 ஜனவரியில் நைஜீரியாவில் தொடங்கியது, ஆப்பிரிக்காவில் அதுதான் முதல் நாடு. அதே ஆண்டு கென்யாவுக்கும் வந்தது.

ஆனால் 'செயற்கைக்கோள் இணையம்' என்று பொதுவாகச் சொல்லும்போது மூன்று வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று, வீட்டுக்கூரையில் டிஷ். டிஷ்ஷின் விலை, மாதச் சந்தா, அதை ஓட்ட 50 முதல் 75 வாட் மின்சாரம்: இவற்றை ஓர் ஏழைக் குடும்பம் தனியாகத் தாங்காது. பள்ளிக்கும் மருத்துவ நிலையத்துக்கும் சரி. அப்புறம், ஒரு பகுதிமேல் விழும் கொள்ளளவு அங்குள்ள எல்லோருக்கும் பொது. 2024 நவம்பரில் நைரோபியில் இடம் நிரம்பிவிட்டது என்று புதிய இணைப்புகளை நிறுத்தி வைத்தார்கள். ஆள் குறைந்த இடத்துக்கு ஏற்ற வழி இது. கூட்டம் சேரச் சேர இதன் பலம் குறையும். கோபுரத்துக்கு நேர்மாறு.

இரண்டு, நேராகக் கைபோனுக்கே வரும் சிக்னல். டிஷ் வேண்டாம், புது போன் வேண்டாம் என்று கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஆசை அடங்கும். கோபுரம் 5 கிலோமீட்டரில், செயற்கைக்கோள் 500 கிலோமீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் 100 மடங்கு; எனவே வந்துசேரும் சிக்னல் 10,000 மடங்கு பலவீனம். இதை ஈடுகட்டத்தான் ஏ.எஸ்.டி. ஸ்பேஸ்மொபைல் நிறுவனம் 2022-இல் அனுப்பிய சோதனைச் செயற்கைக்கோளில் 64 சதுர மீட்டர் ஆன்டெனாவை விரித்தது. அப்படியும் ஒரு சிக்னல் கற்றை தரையில் பல கிலோமீட்டர் அகலத்துக்கு விழும். அதற்குள் இருக்கிற எல்லா போன்களும் அதையே பங்கிட வேண்டும். நியூசிலாந்தில் ஒன்.என்.இசட். என்ற மொபைல் நிறுவனம் 2024 டிசம்பரில் இந்தச் சேவையைக் குறுஞ்செய்தியோடு தொடங்கியது சும்மா இல்லை. கடலிலும் காட்டிலும் உயிர் காக்க அது போதும். வகுப்பு நடத்தவும் வீடியோ பார்க்கவும் இதை நம்பிக் கோபுரத் திட்டத்தை ஓர் அரசு தள்ளிப்போட்டால், அது பெரிய தவறு என்பேன்.

மூன்றாவதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், யாரும் பேசுவதில்லை. செயற்கைக்கோளைப் பேக்ஹாலாக மட்டும் வைத்துக்கொண்டு, கீழே ஒரு குட்டிக் கோபுரம் நடுவது. மேலே ஒரே ஒரு டிஷ். அதன் சந்தாவை ஊரே பங்கிடுகிறது. கீழே ஊர்க்காரர்களின் சாதாரண போன்கள். மைக்ரோவேவ் தொடருக்காக நடுவில் நட வேண்டிய கோபுரங்கள் எல்லாம் மிச்சம். ஜப்பானில் கே.டி.டி.ஐ. என்ற மொபைல் நிறுவனம் தன் தொலைதூரக் கோபுரங்களுக்கு இதே வழியைத்தான் எடுத்தது. வானமும் மண்ணும் எதிரிகள் இல்லை என்று தெரிந்துவிட்டால், இந்த ஒப்பீட்டின் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஒரே எச்சரிக்கை: அந்தச் சந்தாவின் விலையை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோ இரண்டோதான் தீர்மானிக்கும். ஒப்பந்தம் பல வருடத்துக்கு விலையைக் கட்டிப்போட வேண்டும்.

ஊரே நடத்தும் நெட்வொர்க்

மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்தில் தலேயா தே காஸ்த்ரோ என்ற மலைக்கிராமம், பெரிய ஆபரேட்டர்கள் வராததால், ரைசோமாட்டிகா அமைப்பின் துணையோடு 2013-இல் தானே ஒரு மொபைல் நெட்வொர்க்கை நிறுவியது. 2016-இல் இத்தகைய ஊர்களின் கூட்டமைப்புக்கு முறையான அலைக்கற்றை உரிமமும் கிடைத்தது. நேபாளத்தில் மகாவீர் புன் மலைக்கிராமங்களுக்கு வைஃபை இணைப்புகளைக் கொண்டுபோய் 2007-இல் மகசேசே விருது பெற்றார்.

ஓட்டுகிற செலவு என்ற கேள்வியில் இவை நன்றாகவே தேறுகின்றன, பழுது பார்ப்பவர் அந்த ஊரிலேயே இருப்பதால். ஆனால் ஓஹாக்காவில் தொடங்கியது குரலுக்கும் குறுஞ்செய்திக்குமான 2ஜி. அது பிராட்பேண்ட் இல்லை. ஒரு ஊரில் ஆர்வமுள்ள நாலு பேர் இருந்தால் நடக்கும், அவர்கள் நகரத்துக்குப் போய்விட்டால் தள்ளாடும். இதை நாட்டுத் திட்டமாக மாற்ற முடியாது. சட்டம் அவர்கள் வழியில் குறுக்கே நிற்காமல் இருந்தாலே போதும்: பெரிய நிறுவனம் பயன்படுத்தாமல் வைத்திருக்கிற அலைக்கற்றையை அந்த ஊருக்கு மட்டும் திறந்துவிடலாம்.

சிக்னல் இருந்தும் வராதவர்கள்

அந்த 310 கோடிப் பேருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. அங்கே போட்டி போடுபவை மலிவு டேட்டா, மலிவு போன், கற்றுக்கொடுத்தல்.

ஐ.நா. பிராட்பேண்ட் ஆணையம், தொடக்க நிலைத் திட்டத்தின் விலை தனிநபர் மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று 2025-க்கு இலக்கு வைத்தது. நல்ல இலக்கு. ஆனால் டேட்டாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். போனை அப்படி வாங்க முடியாது. தவணை முறை இல்லாத இடத்தில் மொத்தத் தடையும் அந்த முதல் நாள் பணத்தில்தான் இருக்கிறது. கென்யாவில் மொபைல் நிறுவனமான சஃபாரிகாமும் கூகுளும் 2020-இல் தினத்தவணையில் 4ஜி போன் தரத் தொடங்கின. இந்தியாவில் ஜியோ 2017-இல் திரும்பக் கிடைக்கும் முன்பணத்துக்கு 4ஜி ஃபீச்சர் போன் (பட்டன் போன்) தந்தது. டேட்டாவை இலவசமாக்கும் திட்டங்களைவிட இவைமேல் எனக்கு நம்பிக்கை அதிகம். ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்தது. அத்தகைய பாரபட்சக் கட்டணத்தை இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியில் தடை செய்தது. அது சரியான முடிவு.

ஆக, ஒரு நாட்டின் சேவைப் பொறுப்பு நிதி, அதாவது எட்டாத இடங்களுக்குச் சேவை கொண்டுபோவதற்கான நிதி, என் கையில் இருந்தால், கோபுரத்துக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைத்துப் போன் தவணைக்கான கடன் உத்தரவாதத்துக்குக் கணிசமாகத் திருப்புவேன். கோபுரத்துக்குத் தரும் மானியத்தையும் கட்டி முடித்த அன்றே முழுசாகக் கொடுக்க மாட்டேன். குறைந்த மானியம் கேட்பவருக்கு ஏலத்தில் வேலை போகட்டும். பாதிப் பணத்தைக் கோபுரம் ஓடிய மணிநேரத்தைக் கணக்கிட்டு வருடா வருடம் தர வேண்டும். இரண்டாவது செட் பேட்டரியின் விலையும் முதல் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.